ஓடைக்கொல்லையில் ஒன்பது வாத்து முட்டைகள்

செத்த ஆட்டின் ஈரலைக் கத்தியால் கீறி விரித்துக் காட்டினார் கால்நடைக் கம்பவுண்டர் சிங்காரம். பூசணி விதையைப் போலத் தட்டைத் தட்டையான புழுக்கள் உள்ளே நெளிந்தன. பச்சையம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் கணவன் மாதையன்தான் எழுந்து போய்ப் பட்டியின் மூங்கிலைப் பிடித்தபடி நின்றான்.

“தாடைக்குக் கீழ வீங்கிக்கினு இருந்துச்சா?”

“ஆமாங்க. ஒரு வாரமா” என்றாள் பச்சையம்மா.

“அதான். ஈரல் புழு. உங்க ஊர்க் குட்டையில பொடி நத்தை இருக்குது பாரு, அதுலேர்ந்து வருது. கரையோரப் புல்லுல ஒட்டிக்கும். ஆடு புல்லத் தின்னா வயித்துக்குள்ள போய்டும். நான் மருந்து குடுக்கறேன். ஆனா திரும்ப அந்தத் தண்ணிக்குத்தானே ஓட்டிக்கினு போவீங்க?”

“வேற தண்ணி ஏதுங்க?”

“அப்ப நத்தைய ஒழிக்கணும். கையால பொறுக்கி மாளாது. கீழ வயல்ல வாத்து மேய்க்கிறாங்களே, அதுங்களுக்கு நத்தைன்னா உசுரு. நாலு வாத்த வுட்டா போதும்.”

கை கழுவிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். சொன்னவரே மலையிறங்குவதற்குள் அதை மறந்திருப்பார். பச்சையம்மா மறக்கவில்லை.

சந்தவாசலிலிருந்து ஒற்றையடிப் பாதையில் மூன்று மணி நேரம் ஏறினால் ஓடைக்கொல்லை. பதினேழு வீடுகள். சாமையும் கேழ்வரகும் விளையும், புளி காய்க்கும், மற்றதெல்லாம் ஆடுதான். இது நடந்த 1981இல் பச்சையம்மாவுக்கு முப்பது வயது இருக்கலாம். அதிகம் பேசமாட்டாள். ஒரு காரியத்தை மனதில் வாங்கிவிட்டால் அதைச் சுற்றியே நடப்பாள். இரண்டு மழைக்காலங்களில் அவர்கள் பட்டியிலிருந்த பதின்மூன்று ஆடுகளில் ஒன்பது செத்துப் போயின. மீதி நாலு.

ஒன்பதாவது ஆட்டைப் புதைத்த அன்று மாதையன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி அருணகிரி, ஐப்பசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சந்தவாசலுக்கு லாரி கொண்டுவருவான். அவனிடம் வார்த்தை கொடுத்தாகிவிட்டது.

“ரெண்டு பேரும் போலாம். இங்க இன்னா கீது நமக்கு?” என்றான்.

பச்சையம்மாவுக்கு அந்த லாரி புதிதல்ல. ஐந்து வருடங்களுக்கு முன் ஒருமுறை அந்த லாரியில் ஏறியிருக்கிறாள், இடுப்பில் பதினோரு மாதப் பெண் குழந்தையோடு. அங்கே விடாத மழையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் தோட்டத்து எல்லையில் ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். வரிசையாக ஒரே உயரம், ஒரே பருமனில் நின்ற மரங்கள். மூன்று நாள் கழித்துப் பால் ஊற்றப் போனபோது எந்த மரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மாதையனுக்கும் தெரியவில்லை. மழை மண்ணைச் சமமாக்கிவிட்டிருந்தது.

“நான் வரல மாமா” என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். “ஆடு சாவாம இருந்தா நீயும் போவ வேணாம்.”

புரட்டாசிக் கடைசியில் சொர்ணவாரி நெல் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பச்சையம்மா ஒரு பாட்டில் தேனை மடியில் கட்டிக்கொண்டு மலையிறங்கினாள். சந்தவாசல் ஏரிக்குக் கீழே சேற்றில் ஐந்நூறு வாத்துகள் இரைந்துகொண்டிருந்தன. மேய்ப்பவர் பெயர் தாண்டவராயன். முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்த பெரிய மனிதர்.

“மலை மேலயா? வாத்துக்கு அங்க இன்னாமா வேல?”

“குட்டையில நத்தை கீதுண்ணா. ஆடு எல்லாம் சாவுது.”

அவர் சிரிக்கவில்லை. “வளந்த வாத்த மேல ஓட்டிக்கினு போனா ஒரே நாள்ல பயந்து செத்துப்பூடும். அங்கியே பொரிச்சா நிக்கும். ஆனா ஒண்ணு, வாத்து அடைக்குப் படுக்காது. கோழி வேணும். கோழிக் குஞ்சுக்கு இருவத்தோரு நாளு. இதுக்கு இருவத்தெட்டு. கடைசி ஒரு வாரம்தான் கண்டம்.”

கருப்பிடித்த முட்டைகளாக இருக்கும் என்று, சேவல் வாத்துகள் அதிகம் திரிந்த மூலையிலிருந்து ஒன்பது முட்டைகளைப் பொறுக்கி எடுத்தார். “ஒரு பக்கம் கரியில கோடு போடு. இது பெருசு, கோழியால திருப்ப முடியாது. தெனம் மூணு வாட்டி நீ திருப்பு. வெதுவெதுன்னு தண்ணி தெளி. இருவத்தஞ்சுக்கு அப்பால திருப்பாத, ஓட்ட ஒடைக்கவும் கைய வெக்காத.”

“சூடு சரியா கீதான்னு எப்டிண்ணா தெரியும்?”

அவர் கண்ணை மூடி இமை மேல் ஒரு முட்டையை வைத்துக் காட்டினார். “இமைக்கு இதமா இருந்தா சரி. சுட்டா தப்பு. கடைசி வாரத்துல உள்ள இருக்கறதே சூடு போடும். அப்ப குளிர விட சூடுதான் சீக்கிரம் கொல்லும். இத்த மட்டும் மறந்துடாதமா.”

தேனை வாங்கிக்கொண்டார். கூடையில் வைக்கோல் பரப்பி முட்டைகளை அடுக்கிக் கொடுத்தார். தலையில் வைத்தால் வழுக்கலில் விழும் என்று கூடையை மார்போடு அணைத்தபடியே பச்சையம்மா மூன்று மணி நேரப் பாதையை ஐந்து மணி நேரத்தில் ஏறினாள்.

கோழி அவளிடம் இல்லை. அடுத்த வீட்டில் மங்கம்மாளிடம் இருந்தது. மங்கம்மாள் மாதையனின் அண்ணன் மனைவி. கைம்பெண். பதினோரு கோழி வைத்திருந்தாள். அவற்றில் ஒரு சாம்பல் நிறக் கோழி அப்போதுதான் கொக்கரித்துக்கொண்டு அடைக்குச் சுற்றியது.

“வாத்து முட்டைக்கா? என் கோழிய தர்றதா?” என்றாள் மங்கம்மாள்.

“ஒரு மாசம்தான் அக்கா.”

“அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்ன சும்மா வுடமாட்டேன், பாத்துக்க.”

ஐப்பசி முதல் தேதி அடை வைத்தாள். அடுப்பங்கரை மூலையில் பழைய கூடை, அடியில் மணல், மேலே வைக்கோல். எட்டாம் நாள் மாதையனின் டார்ச் விளக்கை அடியில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எட்டு முட்டைகளில் சிலந்தி கால் விரித்தது போல் சிவப்பு நரம்புகள் ஓடின. ஒன்று கூமுட்டை, எடுத்து எறிந்தாள். மாதையன் பக்கத்தில் குந்தி ஒன்றைப் பார்த்தான். நடுவில் ஒரு கரும்புள்ளி துடித்தது. அவன் எழுந்து போனான்.

ஐப்பசி பாதிக்கு மேல் மழை பிடித்தது. அதோடு ஊரில் கோழிக்கழிச்சலும் வந்தது. முதலில் மேட்டு வீட்டில் இரண்டு கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. மறுநாள் நாலு வீட்டில். மங்கம்மாள் தன் கோழிகளுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து ஊட்டினாள். ஐந்து நாளில் பத்தும் போயின. பச்சையம்மா அடுப்பங்கரைக் கதவைச் சாத்தி, யாரையும் உள்ளே விடாமல், சாம்பல் கோழிக்குத் தனியாகத் தண்ணீர் வைத்தாள்.

இருபத்திரண்டாம் நாள் காலை. கோழியின் கீழே பச்சையும் வெள்ளையுமாக எச்சம் கிடந்தது. இரையைத் தொடவில்லை. இறக்கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, அப்போதும் முட்டைகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. மத்தியானம் அதன் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பச்சையம்மா கையைக் கீழே விட்டுப் பார்த்தாள். முட்டைகள் வெதுவெதுப்பாக இருந்தன. கோழியைத் தூக்கினாள். எடையே இல்லாதது போல் வந்தது.

முதலில் மங்கம்மாளிடம் போய்ச் சொன்னாள். சொல்லித்தான் ஆகவேண்டும். மங்கம்மாள் செத்த கோழியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று பச்சையம்மா நின்றாள். அவள் திட்டவில்லை. “அது ஒண்ணுதான் மீதி இருந்துச்சு” என்றாள். அதைக் கேட்பதைவிடத் திட்டு வாங்கியிருக்கலாம்.

பதினேழு வீட்டிலும் ஏறி இறங்கினாள். அடைக்கோழி எங்கும் இல்லை. கோழியே இல்லை. திரும்பி வருவதற்குள் முட்டைகள் ஆறத் தொடங்கியிருந்தன. எட்டையும் புடவைத் தலைப்பில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு, ஒரு கையால் அடுப்பை மூட்டினாள். மண்சட்டியில் சாமை உமியைக் கொட்டி வறுத்தாள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுத் துணிப்பையில் நிரப்பிக் கூடையின் அடியில் வைத்தாள். அதன் மேல் வைக்கோல், அதன் மேல் முட்டை, மேலே இன்னொரு உமிப்பை, அதன் மேல் கம்பளி. ஒரு முட்டையை எடுத்து இமை மேல் வைத்தாள். இதமாக இருந்தது. அந்த இதம் உண்மைதானா என்று சந்தேகம் வந்து, மறு கண்ணிலும் வைத்துப் பார்த்தாள்.

உமி மூன்று மணி நேரத்துக்குச் சூடு தாங்கியது. அதற்குள் மாற்ற வேண்டும். இரவும் அப்படித்தான் போயிற்று.

இருபத்துநாலாம் நாள் ஆடுகளுக்குத் தழை ஒடிக்கக் காட்டுக்குப் போனாள். “பைய கைல புடிச்சிப் பாத்துட்டு வை மாமா. சுட்டா வெக்காத” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்து கம்பளியை விலக்கியபோது அனல் முகத்தில் அடித்தது. மாதையன் பயந்து போயிருந்தான். மழைக்குளிரில் முட்டை விறைத்துவிடுமோ என்று வறுத்த உமியைச் சட்டியிலிருந்து அப்படியே பையில் கொட்டி வைத்திருந்தான்.

முட்டை கண்ணைச் சுட்டது.

“இன்னா பண்ண நீ?” என்று கத்தினாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் அவனிடம் அப்படிக் கத்தியதில்லை.

“குளிருதுன்னுதான்டி...”

அவள் கேட்கவில்லை. எட்டையும் எடுத்து ஈரத்துணியில் பரப்பினாள். தண்ணீரைத் தெளித்தாள். முறத்தை எடுத்து மெல்ல விசிறினாள். முறம் தரையில் தட்டித் தட்டிச் சத்தமிட்டது. மாதையன் வாசற்படியில் நின்றான். உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

முட்டைகள் இமைக்கு இதமாக வந்ததும் ஒரு குண்டானில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்தாள். பொரிக்கும் தறுவாயில் இருக்கும் கோழி முட்டையை ஊரில் பெண்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். தண்ணீரில் விட்டால் உயிருள்ள முட்டை மிதந்தபடி அசையும். முதல் முட்டையை விட்டாள். மிதந்தது. அசையவில்லை. தண்ணீரின் அலை அடங்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அசையவில்லை.

இரண்டாவதும் அப்படியே நின்றது.

மூன்றாவது முட்டை சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி துள்ளியது. யாரோ உள்ளிருந்து உதைத்தது போல. பச்சையம்மா வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள். எட்டில் ஐந்து அசைந்தன. அசையாத மூன்றையும் உடனே எறிய மனம் வரவில்லை. மறுநாள் வரை வைத்திருந்து, வாடை வந்த பிறகு மாதையனே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. உமி வறுப்பது அவள், பையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக் கொடுப்பது அவன். இருபத்தாறாம் நாள் மழை நிற்காமல் கொட்டியது. கூரை ஒழுகி விறகெல்லாம் நனைந்துவிட்டது. அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. கூடையில் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. மாதையன் அரிவாளை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனான். உள்ளே ஆடு படுக்கப் போட்டிருந்த பரணில் மூங்கில் உளுத்துக் காய்ந்து கிடந்தது. வெட்டும் சத்தம் கேட்டு அவள் ஓடினாள்.

“பரண ஒடிச்சிட்டா ஆடு எங்க படுக்கும்?”

“நாலு ஆட்டுக்குப் பாதிப் பரண் போதும். போய் சட்டிய வை.”

அந்த மூங்கில் பொரிந்து எரிந்தது.

இருபத்தேழாம் நாள் மாலை ஒரு முட்டையில் ஊசியால் குத்தியது போல் ஒரு விரிசல். காதருகே வைத்தபோது உள்ளே கீச்சென்று ஒரு குரல். பச்சையம்மா மாதையனின் காதிலும் வைத்தாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: “நாளைக்கு லாரி.”

“தெரியும்.”

“வார்த்த குடுத்துட்டேன் பச்ச. நான் மட்டும் போறேன். நீ இரு. மாசியில வந்துடுவேன்.”

“சரி.”

“ஆடு நிக்கலன்னா அடுத்த வருசம் நீயும் வரணும்.”

அவள் முட்டையை வாங்கிக் கூடையில் வைத்துக் கம்பளியை மூடினாள். விடிந்ததும் அவன் துணிமூட்டையோடு மழையில் இறங்கிப் போனான். வழக்கமாகப் பாதை திரும்பும் இடம்வரை போய் நிற்பவள், அன்று வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே உமி ஆறிக்கொண்டிருந்தது.

காலையில் ஐந்து முட்டைகளிலும் விரிசல் விட்டிருந்தது. ஆனால் மத்தியானம்வரை எதுவும் வெளியே வரவில்லை. கோழிக்குஞ்சாக இருந்தால் இதற்குள் உலர்ந்திருக்கும். ஒரு முட்டையில் சின்னத் துளை வழியாக அலகு தெரிந்தது. திறந்து திறந்து மூடியது. பிறகு மூடியே இருந்தது. பச்சையம்மா தண்ணீர் தெளித்தாள், காத்திருந்தாள். கையை வைக்காதே என்று தாண்டவராயன் சொல்லியிருந்தார். அவள் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆடுகள் கத்தின. தண்ணீர் காட்டி வரப் பட்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் மங்கம்மாள் உள்ளே வந்திருந்தாள். கூடையருகே குந்தி, அந்த முட்டையின் ஓட்டை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா!”

“மூச்சு முட்டிச் சாவுதுடி பாவம். கொஞ்சம் தொறந்து வுட்டா...”

ஓட்டுக்குள்ளே சவ்வு கிழிந்து ரத்தம் கசிந்தது. நரம்புகள் இன்னும் உலராமல் குஞ்சோடு ஒட்டியிருந்தன. மங்கம்மாளின் விரல் சிவந்தது. அவள் கையை எடுத்தாள். குஞ்சு ஈரமாக, பாதி ஓட்டுக்குள் பாதி வெளியே, இரண்டு முறை வாயைத் திறந்தது. அவ்வளவுதான்.

இரண்டு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மங்கம்மாள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ரத்தம் போன பிறகும் துடைத்தாள்.

“என் கை ராசியே இல்ல. பதினோரு கோழி போச்சு. இதுவும் போச்சு” என்றாள்.

“உமி வறுக்கணும் அக்கா” என்றாள் பச்சையம்மா. “அந்தச் சட்டிய எடு.”

மங்கம்மாள் சட்டியை எடுத்தாள். அதற்கப்புறம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஒருத்தி வறுத்தாள், ஒருத்தி தண்ணீர் தெளித்தாள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு முட்டையின் மேல்பக்கம் வட்டமாக வெடித்துக்கொண்டே போயிற்று. மூடியைத் தள்ளுவது போல் ஒரு தள்ளு. நிறுத்தம். இன்னொரு தள்ளு. மூடி விழுந்தது. நனைந்த பஞ்சு போல ஒன்று வைக்கோலில் உருண்டு, தன் தலையைத் தானே தூக்க முடியாமல் கிடந்தது. மங்கம்மாள் அழ ஆரம்பித்தாள். மறுநாள் மத்தியானத்துக்குள் மற்ற மூன்றும் வந்துவிட்டன. கடைசிக் குஞ்சு துளைவிட்டு வெளியே வர முப்பது மணி நேரம் எடுத்துக்கொண்டது. அந்த முப்பது மணி நேரமும் இருவரும் அதைத் தொடவில்லை.

நாலு குஞ்சுகள். தாய் இல்லாததால் அவை பச்சையம்மாவின் காலைப் பின்தொடர்ந்தன. அவித்த சாமையும் கீரையும் கொடுத்தாள். பத்து நாளில் மண்புழு தோண்டிப் போட்டாள். பருந்து வட்டமிட்டால் முறத்தைத் தட்டிக்கொண்டு மங்கம்மாள் ஓடிவருவாள். ஒரு மாதம் கழித்து அவற்றைக் குட்டைக்குக் கூட்டிப்போனாள். கரையில் நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தன. அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. இறங்கிய முதல் நாளே அலகைச் சேற்றில் விட்டு அலசி நத்தையை விழுங்கின. பச்சையம்மா எண்ணிப் பார்க்க முயன்று விட்டுவிட்டாள்.

ஆனால் மார்கழியில் ஒரு ஆட்டுக்குத் தாடை வீங்கியது. அவள் கம்பவுண்டரைத் தேடி மலையிறங்கி மருந்து வாங்கி வருவதற்குள் அது செத்தது. மீதி மூன்று. அந்த வாரம் முழுக்க அவள் தினமும் காலையில் மூன்று ஆட்டின் தாடையையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கினாள். வாத்துகள் குட்டையின் ஒரு கரையை முடித்துவிட்டு மறுகரைக்குப் போய்க்கொண்டிருந்தன. தை போயிற்று. தாடை வீங்கவில்லை. ஒரு ஆடு சினையாக இருந்தது.

மாசி இரண்டாம் வாரம் மாதையன் வந்தான். மெலிந்திருந்தான், கால் முழுக்க அட்டை கடித்த தழும்பு. வாத்துகள் அவனைத் தெரியாமல் கத்தி, பச்சையம்மாவின் பின்னால் ஓடி ஒளிந்தன. மூட்டையை இறக்காமலே பட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“மூணுதான் கீது.”

“மூணும் ரெண்டும் அஞ்சு” என்றாள். மூலையில் பிறந்து நாலு நாளான இரட்டைக் குட்டிகள் தாயின் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தன.

அவன் உள்ளே நுழைந்து ஒரு குட்டியைத் தூக்கினான். அதன் தாடையைத் தடவினான். பிறகு தாயின் தாடையை. மூட்டையைப் பட்டியின் மேலேயே வைத்துவிட்டு, அரிவாளைக் கேட்டான். ஒடித்த பரணுக்கு அன்றைக்கே மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தான்.

அடுத்த வருடம் அவன் காப்பித் தோட்டத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த வருடம் சாமை பொய்த்தபோது போனான். பச்சையம்மா போகவே இல்லை. நாலு வாத்தில் மூன்று பெட்டை, ஒன்று சேவல். ஒரு பெட்டையை மங்கம்மாளுக்குக் கொடுத்தாள், கோழிக்குப் பதிலாக. வாத்து முட்டை வாடை அடிக்கிறது என்று மங்கம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். ஆனால் ஒரு முட்டையையும் யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஊரில் முதல் அடைக்கோழி யார் வீட்டில் படுத்ததோ அந்த வீட்டு வாசலில் வாத்து முட்டைக் கூடையோடு போய் இரண்டு பெண்களும் நின்றார்கள்.